கோயில் மட்டும் கேட்பவர்

திருமயத்தில் வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் சேவுகனைப் பார்க்க வேண்டும். பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதன் நிழலில் மொபெட்டை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார். கடை அவருடையது அல்ல. நிழலும் கடைக்காரருடையதுதான். மொபெட் மட்டும் அவருடையது.

ஐம்பதைத் தாண்டியவர். முன்பு மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். எந்த ஊரில் யார் இறங்குகிறார்கள், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் தாம்பாளத்தோடு ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் அவருக்குச் சுற்றுவட்டாரம் மனப்பாடமாகிவிட்டது. மினி பஸ் ஓடாமல் போன பிறகு அந்த மனப்பாடத்தை வைத்து வீட்டுத் தரகர் ஆனார். மனைவி செவந்தி சத்துணவுக் கூடத்தில் வேலை செய்கிறார். அவர்கள் குடியிருப்பதும் வாடகை வீடுதான்.

வீடு கேட்டு வருகிறவர்களிடம் சேவுகன் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"குலதெய்வம் எது?"

நான் அறை தேடிப் போனபோதும் கேட்டார். எனக்குக் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனிடம் இதைக் கேட்கிறாரே என்று இருந்தது.

"அண்ணே, சாதி பாத்துத்தான் வீடு குடுப்பீங்களா?"

"நான் சாதி கேக்க மாட்டேன் தம்பி. அது தப்பு. கோயில் மட்டும் கேப்பேன்."

கோயில் பெயரைச் சொன்னேன். சற்று நேரம் எதிரே தெரிந்த மலைக்கோட்டையைப் பார்த்தார். பிறகு ஒரு தெருவின் பெயரைச் சொன்னார். அறை நன்றாக இருந்தது, தண்ணீர் வசதி இருந்தது. அந்தத் தெருவில் மற்றவர்கள் கும்பிடுவதும் எங்கள் ஆட்களின் கோயில்கள்தான் என்று எனக்குத் தெரிய வர ஒரு வாரம் ஆனது. தெரிந்த பிறகும் நான் அறையைக் காலி செய்யவில்லை. என் ஆத்தாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, ஆஸ்பத்திரிக்கு மொபெட்டில் ஏற்றிப்போய், டோக்கன் வாங்கி, கூடவே உட்கார்ந்திருந்தவர் சேவுகன்தான். இந்த இரண்டையும் ஒருவரைப் பற்றித்தான் எழுதுகிறேனா என்று எழுதும்போது சந்தேகம் வருகிறது. ஒருவரைப் பற்றித்தான்.

எனக்கு வேலை ஓர் அறக்கட்டளையில். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் பேசப் பயிற்சி கொடுப்பார்கள். பயிற்சியாளர்கள் இங்கிலாந்து பக்கமிருந்து ஒரு வருடத்துக்கு வருவார்கள். நான் ஒருங்கிணைப்பாளர். அதாவது கார் பிடிப்பது, டிபன் சொல்வது, அவர்கள் பேசுவதை இவர்களுக்கும் இவர்கள் பேசுவதை அவர்களுக்கும் சொல்வது.

போன வருடம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் டேனியல். வேல்ஸ்காரர், வெள்ளைக்காரர். இன்னொருவர் நடீன் வீராசாமி. லண்டனில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன், கரும்புத் தோட்ட வேலைக்காக மெட்ராஸில் கப்பலேறி கயானாவுக்குப் போனவர். எந்த ஊரிலிருந்து போனார் என்பது யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆளைப் பார்த்தால் அரிமளம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருப்பார்.

பூர்வீகம் தேடித்தான் வந்திருக்கிறாரா என்று முதல் நாள் கேட்டேன். இல்லை என்றார். லண்டனில் பார்க்கிறவர்களெல்லாம் நீ எந்த ஊர், இல்லை, உண்மையில் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்களாம். ஒரு வருடமாவது அந்தக் கேள்வி இல்லாத இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்து இந்த வேலையைக் கேட்டு வாங்கினாராம். எனக்குச் சேவுகன் நினைவுக்கு வந்தார்.

வந்த ஒரு மாதத்துக்குள் உள்ளூரில் வீடு பார்த்துக் குடியேறிவிட வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. வீடு அமையாவிட்டால் சென்னை அலுவலகத்தில் மேசை வேலை. நான் இருவரையும் சேவுகனிடம் அழைத்துப் போனேன்.

டேனியலுக்கு வீடு கிடைக்க ஒரு போன்தான் ஆனது. ஓய்வு பெற்ற ஆசிரியை சொர்ணவல்லியின் வீட்டு மாடி.

"டீச்சர், மாடி சும்மாதானே கெடக்கு? ஒரு வெள்ளக்காரரு கேக்குறாரு."

"வெள்ளக்காரரா? இன்னைக்கே வரச் சொல்லு. கறி மீனெல்லாம் சமைப்பாரோ?"

"சமைப்பாரு போல."

"பரவால்ல. அவங்க சமைச்சா வாடை வராது."

அதே மாடியிலிருந்து கருவாடு வறுத்ததற்காக ஒரு குடும்பம் காலி செய்யவைக்கப்பட்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அவருகிட்ட கோயில் கேக்கலையேண்ணே," என்றேன்.

"அவருக்கு ஏது தம்பி கோயிலு. அவரு எல்லாத்துக்கும் வெளிய. வெளியில உள்ள ஆள எந்தத் தெருவுல வேணாலும் வைக்கலாம்." பிறகு சுற்றிலும் பார்த்தார். "அந்த இங்கிலாந்து அம்மா எங்க?"

"இவங்கதான்ணே."

சேவுகன் நடீனைப் பார்த்தார். நடீன் கைகூப்பினார். சேவுகன் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"இது நம்ம பிள்ளையில்ல?"

"இங்கிலாந்துப் பிள்ளைண்ணே."

"பாஸ்போர்ட்டு இங்கிலாந்தா இருக்கும். நான் அதக் கேக்கல."

அடுத்த மூன்று வாரங்கள் வீடு பார்த்தோம். ஒரு வீட்டில் உரிமையாளரின் மனைவி நடீனிடம் தமிழில் பேசினார். நடீன் சிரித்தார். அந்த அம்மா இன்னும் சத்தமாகப் பேசினார். பிறகு என்னிடம், "தெரியாதா, இல்ல தெரியாத மாதிரி இருக்குதா?" என்றார். இன்னொரு வீட்டில் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்.

"வீராசாமின்னு போட்டிருக்கு. எந்த வீராசாமி?"

"தெரியலைங்க. கயானாவுக்குப் போனவரு."

"அது போன ஊரு. வந்த ஊரு எது?"

மூன்றாவது வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். கீழ்வீட்டில் இரண்டு நர்சுகள் தனியாக இருந்தார்கள். அவர்கள் கொடியில் துணி காயப்போடுவதை நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

பள்ளிகளிலும் இதே கதைதான். ஒரு தலைமையாசிரியர் வாசல் வரை வந்து காரை எட்டிப் பார்த்தார். நடீனும் நானும் இறங்கினோம்.

"வெள்ளைக்காரங்க யாரோ வாராங்கன்னு சொன்னாங்களே தம்பி?"

டேனியல் வகுப்பெடுத்தால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அவருடைய வேல்ஸ் உச்சரிப்பு எனக்கே பாதிதான் புரியும். நடீன் பேசுவது தெளிவாகப் புரியும். வகுப்பு முடிந்ததும் அவரிடம் ஓர் ஆசிரியர் கேட்டார்: "இங்கிலீஷ் நல்லா வருதே மேடம், எந்த இன்ஸ்டிட்யூட்?"

மாதத்தின் கடைசி வாரம். சென்னையிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. வீடு இல்லாவிட்டால் திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். நடீன் ஓர் எட்டாம் வகுப்புக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். பாதியில் விட்டுப் போக மனமில்லை என்று என்னிடம் சொன்னார். நான் அதைச் சேவுகனிடம் சொன்னேன். அவருக்கும் முகம் வாடிவிட்டது. தன் கையில் ஒரு வாடிக்கையாளர் இவ்வளவு நாள் தங்கியதில்லை என்றார்.

அன்று மாலை திருப்பதி என்பவர் வீட்டுக்குப் போனோம். அரசுப் பேருந்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்பக்கம் தனி வாசலோடு இரண்டு அறைகள். திருப்பதி நடீனைப் பார்த்தார், சேவுகனைப் பார்த்தார்.

"எந்தக் கோயிலு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சேவுகன் சொன்னார்: "கொன்றையடிக் கருப்பரு. பொன்னமராவதிக்கு அங்கிட்டு."

நடீன் என்னிடம், என்ன சொல்கிறார் என்று கேட்டார். ரெபரன்ஸ் கொடுக்கிறார் என்றேன். அவர் தலையசைத்தார். லண்டனிலும் வீடு வேண்டுமென்றால் யாராவது நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம்.

சேவுகன் கணக்கு இப்படி: அந்தக் கோயில் பங்காளிகளில் முக்கால்வாசிப் பேர் மலேசியாவில் இருக்கிறார்கள். மிச்சமிருப்பவர்கள் திருமயத்துப் பக்கம் வருவதில்லை. யாரும் வந்து விசாரிக்கப் போவதில்லை. இந்தத் தாலுகாவில் எந்த வீட்டு ஆம்பளை எந்தக் கோயில் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார் அவர். பொம்பளைகளை அவர் மனப்பாடம் செய்ததே இல்லை. கல்யாணம் ஆனதும் புருஷன் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள், பிறகு அவர்கள் பிறந்த கோயிலை எதற்கு நினைவில் வைக்க வேண்டும்.

திருப்பதியின் மனைவி முத்துமாரியம்மாள் ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து வந்தார்.

"எந்தக் கருப்பருன்னீங்க?"

சேவுகன் மறுபடி சொன்னார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எங்க அப்பன் வீட்டுக் கோயிலுல்ல அது," என்றார் முத்துமாரியம்மாள். நடீனின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். "இந்தா பாருங்க, எங்க அயித்த மூக்கு. சண்ட போட்டுக் கப்பலேறிப் போனாருன்னு சொல்வாகள்ல ஒரு பாட்டையா. அவரு வழி இது."

சண்டை போட்டுக் கப்பலேறிப் போன ஒருவர் இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறார். நடீனுக்கு அன்றே சாவி கிடைத்தது. திரும்பி வரும்போது சேவுகன் மொபெட்டில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் வந்தது. முத்துமாரியம்மாளின் சித்தப்பா பிச்சை முன்னால் இறங்கினார், அவர் பின்னால் ஒரு கூட்டம். பலகாரம், சேலை, ஒரு பலாப்பழம். நடீன் என்று வாயில் வராததால் நதியா என்று கூப்பிட்டார்கள். நடீன் நடுவில் உட்கார்ந்து எல்லாரும் மூக்கைப் பார்ப்பதற்கு மூக்கைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உண்மையைச் சொன்னால் வீடு போய்விடுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"போய்விடும்."

லண்டனில் தான் கொடுத்த ரெபரன்ஸும் தோழி ஒருத்தி பொய்யாக எழுதிக் கொடுத்ததுதான் என்றார் நடீன். பிறகு பலாப்பழத்தை எப்படி வெட்டுவது என்று கேட்டார்.

மாசியில் கொன்றையடிக் கருப்பருக்குப் படையல். நடீனைக் கூட்டிப்போனார்கள். டேனியலும் வந்தார். டேனியலுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் பாட்டில், பக்கத்தில் ஒரு மேசை விசிறி, பொன்னாடை. நடீன் வீட்டுப் பெண். அதனால் வெங்காயம். டேனியல் எழுந்து ஓர் அண்டாவைத் தூக்கப் போனார். உடனே நாலு பேர் ஓடிவந்து அவரை உட்கார வைத்தார்கள்.

"சார் உக்காருங்க. நீங்க வந்ததே பெரிசு."

சாப்பாட்டுக்குப் பிறகு டேனியல் என்னிடம் சொன்னார்: இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. டீக்கடையில் கிளாஸை நான் உடைத்தேன், கடைக்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

நடீனை அன்று பல பேர் திட்டினார்கள். வெங்காயம் பெரிதாக இருந்ததற்கு, தலையை விரித்துப் போட்டதற்கு, இந்த வயது வரை கல்யாணம் செய்யாமல் இருப்பதற்கு. நான் மொழிபெயர்த்தேன். கொஞ்சம் நாகரிகமாக மொழிபெயர்த்தேன். குரலைக் கேட்டே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

பள்ளி ஆண்டு விழா பங்குனியில் வந்தது. நாடகம் அதில்தான். குழந்தைகள் ஆங்கிலத்தில் பேசி நடிப்பது அந்தப் பள்ளியில் அதுவே முதல் முறை. தலைமையாசிரியர் அழைப்பிதழில் நடீனின் பெயரை முதலில் போட்டு, கீழே டேனியலைப் போட்டிருந்தார். குத்துவிளக்கு ஏற்றுபவர்: செல்வி நடீன் வீராசாமி, லண்டன். நடீன் அதைப் படம் எடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினார். லண்டன் என்ற சொல் எது என்று என்னிடம் கேட்டு அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

விழா அன்று மதியம் திருப்பதி பள்ளிக்கு வந்தார். கூடவே பிச்சையும், அவர்களை ஏற்றிவந்த சேவுகனும்.

"தம்பி, பினாங்குல எங்க பெரிய பங்காளி தவறிட்டாரு. காலையில போன் வந்துச்சு," என்றார் பிச்சை. "நதியா வெளக்கத் தொடக் கூடாது. தீட்டு."

"முத்துமாரியம்மாள் அக்கா வந்திருக்காங்களே," என்றேன். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அவ கட்டிக்குடுத்த பிள்ள. அவளுக்கு மூணு நாளு, அதுவும் இங்க வெளக்கு கிட்ட அவ போகப் போறதில்ல. இது கட்டிக்குடுக்காத பிள்ள. பதினாறு நாளும் உண்டு."

தலைமையாசிரியர் சிக்கலை உடனே தீர்த்துவிட்டார். "அதுக்கென்ன, டேனியல் சார் ஏத்தட்டும். அவருக்கு எந்தத் தீட்டும் கெடையாது."

நான் நடீனிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர்களுக்காகவா, மொழிபெயர்க்கும் எனக்காகவா.

நடீன் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "நான் யாருடைய பங்காளியும் இல்லை என்று சொல்லுங்கள். வீடு போனால் போகட்டும்."

நான் அதைத் தமிழில் சொல்லாமல் அழைப்பிதழை மடித்துக்கொண்டிருந்தேன். சேவுகன் நடீனின் முகத்தைப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாதவர்தான். தலையிலிருந்த துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, அந்தக் கோயில நாந்தாண்ணே சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அது எந்தக் கோயிலோ, யாரு கண்டா. வீடு கெடைக்கணுமேன்னு வாயில வந்தத சொல்லிட்டேன்."

ஒலிபெருக்கியில் ஹலோ மைக் டெஸ்டிங் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். சேவுகன் தன் பிழைப்பை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நின்றார். இனி இவர் சொல்லும் கோயிலை யார் நம்பி வீடு கொடுப்பார்கள்.

பிச்சைதான் முதலில் பேசினார். "நீ வாயில வந்தத சொன்ன. வாயில ஏன் அது வந்துச்சு?"

"அங்க ஆளு இல்லைன்னுதான்..."

"எத்தன கோயிலு இருக்கு. ஒனக்கு வேற பேரா கெடைக்கல? கருப்பரு சொல்ல வச்சிருக்காரு, நீ சொல்லிருக்க."

"இல்லண்ணே, நான் பொய்தான்..."

"நீ புரோக்கரு," என்றார் திருப்பதி. "வீட்டப் பத்திப் பேசு. ரெத்தத்தப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

திருப்பதிக்கு வேறு வழியும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. இந்தப் பெண் மனைவியின் பங்காளி வீட்டுப் பிள்ளை என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இப்போது அது இல்லையென்றால், இத்தனை மாதம் பின்கட்டில் இருந்தது யார் என்று தெரு கேட்கும்.

விழா தொடங்கியது. டேனியல் மெழுகுவத்தியால் முதல் திரியை ஏற்றினார். ஏற்றிவிட்டு, ஓர் அடி பின்னால் நகர்ந்து, மெழுகுவத்தியை நடீனிடம் நீட்டினார். நடீன் வாங்கினார். பிச்சையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மிச்சத் திரிகளை ஏற்றினார். கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் முத்துமாரியம்மாள் தட்டவில்லை.

நாடகம் நன்றாகத்தான் நடந்தது. ராஜா வேஷம் போட்ட பையன் வசனத்தை மறந்து தமிழில் பேசினான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காலை நடீன் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். என்னையும் சேவுகனையும் வரச் சொல்லியிருந்தார். நாங்கள் போகும்போது முத்துமாரியம்மாள் பின்கட்டு வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நடீன் தலையிலும் கொஞ்சம் தெளித்திருந்தார். சுடிதாரின் தோளில் மஞ்சள் புள்ளிகள்.

"தெரியாமச் செஞ்ச பிள்ள. அங்க பொறந்து வளந்தது, அதுக்கு என்ன தெரியும்?" என்றார் எங்களிடம். "சித்தப்பாட்ட சொல்லிட்டேன். கருப்பருக்கு ஒரு எலுமிச்சம்பழம் வச்சுக் கும்பிட்டாப் போதும்னுட்டாரு. பொட்டிய ஏன் கட்டி வச்சிருக்கு? எங்கயும் போகுதா?"

நான் மொழிபெயர்த்தேன். நடீன் பெட்டியைப் பார்த்தார். வீடு போகவில்லை. போகும் என்று நாங்கள் மூவரும் நினைத்திருந்தோம்.

முத்துமாரியம்மாள் உள்ளே போன பிறகு நடீன் சேவுகனிடம் ஒன்று கேட்கச் சொன்னார். எந்தக் கோயிலும் இல்லாத ஒருத்தி, இன்னார் மகள் என்று இல்லாமல் சும்மா குடியிருக்கிற மாதிரி, இந்த ஊரில் ஒரு வீடு உண்டா?

சேவுகன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற வாடிக்கையாளர்களுக்கு யோசிப்பது போலவே யோசித்தார். ஒவ்வொரு தெருவாகப் போய்த் திரும்பி வருவது முகத்தில் தெரிந்தது.

"ஒண்ணு இருக்கு," என்றார் கடைசியில். "சொர்ணவல்லி டீச்சர் மாடி. ஆனா அதுல டேனியல் சார் இருக்காரு."

சொன்னேன். நடீன் சிரித்தார். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரமானது. சேவுகனும், என்ன என்று தெரியாமல், கூடச் சிரித்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "தம்பி, மூக்கு நெசமாவே அந்தம்மா வீட்டாளுக மாதிரித்தான் இருக்கோ?"

நான் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

"ஏ நதியா," என்று முன்பக்கமிருந்து முத்துமாரியம்மாள் கூப்பிட்டார். "கொழாயில காவேரித் தண்ணி வந்துருச்சு. பேசிக்கிட்டே நிக்காம கொடத்த எடுத்துட்டு வா. அவுக ரெண்டு பேருக்கும் டீ போட்டு வச்சிருக்கேன்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. நடீன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.